சுகர், பி.பி. மாத்திரையை அரசிடம் இலவசமாகப் பெறுவது எப்படி?

தமிழ்நாட்டில் சுகர், பி.பி. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் இலவசம். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று பலர் அதை நம்பி இருக்கிறார்கள். அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு உதவாது.

முதல் தடவை காலையில் வெறும் வயிற்றில் போங்கள். சாப்பிடும் முன் எடுக்க வேண்டிய சுகர் பரிசோதனை அன்றே முடியும். ஆதார், பழைய மருந்துச் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். நடமாட முடியாதவர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தன்னார்வலர் மருந்தை வீட்டுக்கே கொண்டுவருவார்.

மாத்திரை அட்டையைக் கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனியார் டாக்டர் எழுதிய ஒரே மாத்திரையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு சுகர் மருந்துகள் சேர்ந்திருக்கலாம். அரசு மருந்தகத்தில் அதையே இரண்டு மாத்திரையாகத் தருவார்கள். பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுகர் சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இன்சுலினில் இன்னும் கவனம் தேவை. குப்பியில் '40 ஐ.யூ.' (ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்) என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, '100 ஐ.யூ.' என்றால் ஆரஞ்சு மூடி. 40 குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால், அதாவது 100 குப்பியைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 20 என்று நினைத்தது 50 ஆகிவிடும். உயிருக்கே ஆபத்து. பிரிக்காத குப்பியை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

சுகாதார நிலையத்தில் இல்லாத மருந்தை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ குறைந்த விலையில் வாங்கலாம். அதற்கு 'டெல்மிசார்டன் 40' என்பதுபோல் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சீட்டில் 'எஸ்.ஆர்.' என்று இருந்தால் கடைக்காரர் தரும் அட்டையிலும் அதே எழுத்து இருக்க வேண்டும். அது மெதுவாகக் கரையும் மாத்திரை. உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது.