பிக்கப்பில் பிரேக் தூசு: பேடு மாற்றும் முன் பாருங்கள்

முன் சக்கர ரிம்மில் கருப்பாகத் தூசு அப்பிக்கொள்கிறதே என்று உடனே செராமிக் பிரேக் பேடுக்குத் (சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை, செராமிக் கலவையில் செய்தது) தாவிவிடாதீர்கள். தூசு குறையும், சத்தமும் குறையும், சரிதான். ஆனால் லோடு ஏற்றி மலை இறங்குகிற பிக்கப்புக்கு, சூடேறினாலும் பிடி விடாத செமி மெட்டாலிக் (உலோகம் கலந்த) பேடுக்குத்தான் என் ஓட்டு, ரிம்மை அவ்வப்போது கழுவிவிட்டால் போயிற்று. இடது, வலது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் தூசு அதிகமென்றால் அந்தப் பக்கக் காலிப்பரில் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வி) பேடைத் தள்ளும் பிஸ்டனோ, கவ்வி நகர உதவும் ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கலாம், கொஞ்சம் ஓட்டிவிட்டுக் கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும் (தொட்டுவிடாதீர்கள்). அப்புறம், பின் சக்கர பிரேக் டிரம்முக்குள் சேரும் தூளை ஏர் அடித்து ஊதவே கூடாது, நேராக மூக்குக்குள்தான் போகும். பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள்.