தேர்தல் நேரத்துப் பொய்க் குரலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நிறுத்துவது எப்படி

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பொகவந்தலாவையில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் நெருங்கினால் ரீலோட் போட வருகிறவர்கள் போனை நீட்டி, "தம்பி, இது நெசமானு பாரு" என்பார்கள். பெரும்பாலும் வொய்ஸ் மெசேஜ்தான். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களும் கேட்டுவிடலாம் என்பதால் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எழுத்தைவிடக் குரல் வேகமாகப் பரவும். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

குரலை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒருவர் மேடையில் பேசிய சின்னத் துண்டு கிடைத்தாலே போதும், அவர் சொல்லாததையும் அவர் குரலிலேயே செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும். மூச்சுச் சத்தம் இல்லை, உச்சரிப்பு சரியில்லை என்று பிடித்துவிடலாம் என்பார்கள். தகரத்தில் மழை கொட்டும்போது சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் உண்மையான குரலும் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் குரல் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் வாக்கெடுப்புக்கு முன், அப்போதைய ஜனாதிபதி பைடனின் குரலில் வாக்காளர்களுக்கு போன் வந்தது. இப்போது ஓட்டுப் போடாதீர்கள், நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு வைத்திருங்கள் என்றது அந்தப் போலிக் குரல். ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பரில், வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு கட்சித் தலைவர் தேர்தல் மோசடி பற்றிப் பேசுவதுபோலப் பதிவு பரவியது. பிரசாரம் ஓய்ந்திருந்த நேரம் என்பதால் மறுப்பும் சரியாகப் போய்ச் சேரவில்லை. நமக்கும் கடைசி 48 மணித்தியாலம் பிரசாரத் தடைதான். அந்த இரண்டு நாளில் வரும் எந்த வொய்ஸையும் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அனுப்பிய அக்காவிடமே, "உங்களுக்கு யார் அனுப்பினது?" என்று கேளுங்கள். பிறகு அவருக்கு அனுப்பியவரிடம். நேரில் கேட்ட ஒருவர் கிடைக்கும்வரை அதை நம்ப வேண்டியதில்லை. வாக்களிப்பு நிலையம் மாறிவிட்டது என்று வந்தால் கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள். தபாலில் வரும் வாக்காளர் அட்டை கைக்கு வராவிட்டால் ஓட்டே இல்லை என்பது பொய். இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போடலாம்.

"கம்ப்யூட்டரில் ஓட்டை மாத்திட்டாங்க" என்று வரும். இங்கே ஓட்டு மெஷினே கிடையாது. கடதாசியில் புள்ளடி போடுகிறோம், கட்சி முகவர்கள் பார்த்திருக்கப் பெட்டிக்கு முத்திரை வைக்கிறார்கள், கையால் எண்ணுகிறார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் மறு வருடத் தேர்தல் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான நம் தாத்தா பாட்டிமாரின் ஓட்டைப் பறித்தன. பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டு வந்த ஓட்டை, "போட்டு என்ன ஆகப்போகுது" என்று முகம் தெரியாத ஒரு குரல் சொன்னதற்காகப் போடாமல் விடுவதை என்னால் தாங்க முடியாது.

அப்புறம், போனைப் பூட்டுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பை ஒருவன் பிடித்துக்கொண்டால், பொய் உங்கள் பெயரிலேயே போகும். உங்கள் தங்கச்சி நம்பாமல் என்ன செய்வாள்? செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதற்குள் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க எண் போடுங்கள், பிறந்த திகதி வேண்டாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். லிங்க்ட் டிவைசஸில் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே லொக் அவுட் பண்ணுங்கள். நிவாரணம் என்று சொல்லி அடையாள அட்டைப் போட்டோ கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

பொய் என்று தெரிந்தால், அனுப்பிய பெரியம்மாவைக் குழுவில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். அடுத்த முறை அவர் உங்களிடம் கேட்கவே மாட்டார். தனியாகச் சொல்லுங்கள். அந்தப் பதிவைத் திரும்பப் போடாமல், உங்கள் பெயரும் திகதியும் சொல்லி, உண்மையை உங்கள் குரலில் அரை நிமிடம் பதிந்து போடுங்கள். மூலப் பதிவை அழிக்க வேண்டாம். எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தால் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யும்போது உதவும்.