காவிரி வரைபடத்தில் பலரும் சறுக்கும் இடங்கள்

காவிரியில் வந்து சேரும் ஆறுகளைச் சொல்லச் சொன்னால், பவானி, நொய்யல், அமராவதி என்று சரியாகத் தொடங்குகிறவர்களில் பலர், அதே மூச்சில் அரசலாற்றையும் வெண்ணாற்றையும் சேர்த்துவிடுவார்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதிகம் மதிப்பெண் இழப்பது இங்கேதான். பவானி காவிரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. அரசலாறோ காவிரியிடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்க் காரைக்காலில் கடலில் சேர்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்க முடியாது. திருச்சிக்கு மேற்கே இருக்கும் முக்கொம்பு வரை வரவு, அதற்குக் கீழே செலவு என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தப்பாது. ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இதைவிடப் பெரிய தவறு, காவிரியைக் கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர், பூம்புகார் என்று மூன்று புள்ளிகளை இணைக்கும் ஒரே கோடாக நினைப்பது. துணையாறுகளின் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். எது எந்த அணைக்கு மேலே சேர்கிறது, எது கீழே சேர்கிறது என்பதை விட்டுவிடுகிறோம். உண்மையில் அதுதான் முக்கியம்.

குடகில் தலைக்காவிரியில் பிறந்து இறங்கும் ஆற்றில் முதலில் ஹாரங்கி சேர்கிறது. ஹேமாவதியும் லட்சுமண தீர்த்தமும் கிருஷ்ணராஜ சாகர் நீர்ப்பரப்பிலேயே வந்து கலக்கின்றன. அந்த அணையைத் தாண்டிய பிறகு, திருமகூடலு நரசிபுரத்தில் கபினி. அப்புறம் சுவர்ணவதி, சிம்ஷா. மேகேதாட்டுக்குச் சற்று மேலே அர்க்காவதி. ஆகவே "கிருஷ்ணராஜ சாகர் நிரம்பினால்தான் நமக்குத் தண்ணீர்" என்ற பேச்சு பாதி உண்மைதான். கபினி பிறப்பது வயநாட்டில். தென்மேற்குப் பருவமழை அங்கே வலுத்தால், சுமார் 19.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) மட்டுமே கொள்ளும் கபினி அணை சீக்கிரம் நிரம்பிவிடும். 49 டிஎம்சிக்கு மேல் கொள்ளும் கிருஷ்ணராஜ சாகர் பாதியில் இருக்கும்போதே கபினியின் உபரி மேட்டூருக்கு வந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு வரும் நீரை எந்த அணையின் வாசலிலும் அளக்காமல், இந்த ஆறுகளெல்லாம் சேர்ந்து முடிந்த இடமான எல்லைப்புற பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளப்பதும் இதனால்தான். கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சி அந்த இடத்துக்கான கணக்கு.

இதே தவறு மேட்டூரிலும் நடக்கிறது. மேட்டூர் அணை 93.47 டிஎம்சி கொள்ளும் பெரிய தேக்கம், 1934 முதல் இயங்குகிறது. அதன் நீர்மட்டத்தைத் தினமும் செய்தியில் பார்த்துப் பார்த்து, காவிரி முழுவதும் அதற்குள் இருப்பதாகவே தோன்றிவிடும். ஆனால் பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேட்டூருக்குக் கீழேதான் சேர்கின்றன. அவற்றில் வெள்ளம் வந்தால் மேட்டூரில் மதகை மூடினாலும் திருச்சியில் தண்ணீர் ஏறும். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்வதற்கும் மேட்டூருக்கும் தொடர்பே கிடையாது.

செய்தி படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விநாடிக்கு 10,000 கனஅடி என்பது ஓடும் வீதம், டிஎம்சி என்பது தேங்கிய அளவு. 10,000 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் ஒரு டிஎம்சி ஆகாது. அதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கனஅடி ஓட வேண்டும்.

காவிரி கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் மட்டுமான ஆறு என்று பேசுவதும் சரியில்லை. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என்று மூன்று. மூன்றுமே கடைசியில் காவிரிக்கு வருகின்றன. பாம்பாறுதான் சின்னாற்றோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்குள் அமராவதியாகிறது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு 30 டிஎம்சி ஒதுக்கியதற்கு இதுதான் அடிப்படை. ஆனால் இதை வைத்துப் பவானியைக் கேரளத்தில் பிறந்த ஆறு என்று எழுதிவிடக் கூடாது. அது நீலகிரியில் பிறந்து, அமைதிப் பள்ளத்தாக்கு, அட்டப்பாடி வழியாக ஒரு சுற்றுப் போய், சிறுவாணியையும் கூட்டிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மோயாறு அதோடு கலக்கும் இடம் பவானிசாகர். காவிரியின் மொத்த வடிநிலம் சுமார் 81,155 சதுர கிலோமீட்டர், அதில் பாதிக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இனி கொள்ளிடமும் கல்லணையும். இங்கேதான் குழப்பம் அதிகம். கொள்ளிடம் தனி ஆறும் அல்ல, துணையாறும் அல்ல. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டு வடபக்கமாகப் போகிறது. அதன் படுகை காவிரியைவிடத் தாழ்வு. அதனால் வெள்ளத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது அதுதான். பூம்புகாரில் கடலில் சேரும் காவிரி, ஓடை மாதிரி சிறுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஸ்ரீரங்கம் தீவு முடியும் இடத்தில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. சும்மா விட்டால் காவிரித் தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்துக்குள் இறங்கிவிடும், தஞ்சாவூர் வயல்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதைத் தடுத்துத் திருப்பத்தான் கல்லணை. அதை மேட்டூர் மாதிரி நீர்த்தேக்கமாக எண்ணி, "கல்லணையில் எத்தனை டிஎம்சி இருக்கிறது" என்று கேட்பதில் பொருளே இல்லை. அங்கே தேக்குவதில்லை, பங்கிடுவதுதான் வேலை: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிஞ்சியது கொள்ளிடம். கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள். அதை ஆறுகளின் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டிய கால்வாய் அது.

கூடுதுறைகளில் மூன்று ஆறுகள் என்று சொல்வது வழக்கம். பவானி கூடுதுறையில் காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுத நதி. நம்பிக்கைக்கு அது சரி, நிலப்படத்தில் இரண்டுதான்.

ஒரே மலையில் பிறந்த ஆறுகள் ஒரே இடத்துக்குப் போகும் என்பதும் தவறான கணிப்பு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியிலிருந்து அர்க்காவதி, தென்பெண்ணை, பாலாறு மூன்றும் புறப்படுகின்றன. காவிரிக்கு வருவது அர்க்காவதி மட்டும். மற்ற இரண்டும் தனித்தனியே வங்கக் கடலுக்குப் போகின்றன. பெங்களூரு இந்தப் பிரிவுக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நகரின் மேற்குப் பக்கக் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், பெல்லந்தூர் ஏரிப் பக்கத்துக் கழிவுநீர் தென்பெண்ணைக்கும் போகிறது.

கடைசியாக, ஒரே பெயரில் ஓடும் வேறு வேறு ஆறுகள். திருச்சியில் கோரையாறு குடமுருட்டி என்ற பெயரில் காவிரியில் சேர்கிறது. முக்கொம்புக்குக் கீழே வரவு வைக்க வேண்டிய விதிவிலக்கு இதுதான். அதே குடமுருட்டி என்ற பெயரில் கல்லணைக்குக் கீழே காவிரியிலிருந்து பிரியும் ஆறு வேறு. வெண்ணாற்றுப் பக்கம் ஓடும் கோரையாறும் வேறு. வடவாறும் இரண்டு: ஒன்று தஞ்சாவூரில், இன்னொன்று கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வீராணம் ஏரிக்கு. சின்னாறு எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் முடியாது. எந்தச் சின்னாறு என்று ஊரைச் சேர்த்தே எழுதுங்கள்.