ஸ்டீராய்டு தொடங்கும் முன் புழுவைத் தேடுங்கள்

வீட்டுப் பெரியவருக்கு ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எழுதப் போகிறார்கள் என்றால், அவர் வெறுங்காலோடு ஈர மண்ணில் வேலை செய்தவரா என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு தோல் வழியாக நுழைந்து, உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகி, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும்; ஸ்டீராய்டால் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் உடம்பெங்கும் பரவி உயிருக்கே உலை வைத்துவிடும்.

தொடையிலோ பின்புறத்திலோ அரிப்போடு சிவப்புக் கோடு தோன்றி நகர்கிறதா? அது இந்தப் புழு தோலுக்கடியில் ஊரும் தடமாக இருக்கலாம். போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டர் பார்ப்பதற்குள் மறைந்துவிடலாம். அப்புறம், ஒரே ஒரு மலப் பரிசோதனையில் 'புழு இல்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் கேளுங்கள். மருந்து ஐவர்மெக்டின், எடைக்கு ஏற்ப டாக்டர்தான் தரவேண்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால், பயந்துபோய் அதைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது.