ஏ.எஸ்.ஓ. 400 என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வது?

பிள்ளைக்குக் கால் வலி என்று ரத்தம் கொடுத்திருப்பீர்கள். ரிப்போர்ட்டில், தொண்டைத் தொற்று வந்துபோன தடத்தைப் பார்க்கும் ஏ.எஸ்.ஓ. என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும், 400 என்று. எதிரே ‘200க்குள் இருக்க வேண்டும்’ என்று போட்டிருக்கும். அடுத்த பத்தாவது நிமிடம் கூகுளில் இதய வால்வு ஆபரேஷன் வரைக்கும் போயிருப்பீர்கள். முதலில் போனைக் கீழே வையுங்கள். நான் டாக்டர் இல்லை, பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன லேபில் பதினாறு வருஷம் ஸ்லைடு ஆட்டியவன். ஆனால் அந்த 400 எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கறுப்பு ஸ்லைடில் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) ஒரு சொட்டு, பால் மாதிரி இருக்கும் லேடெக்ஸ் என்ற சோதனைத் திரவம் ஒரு சொட்டு. குச்சியால் கலந்து, ஸ்லைடை இரண்டு நிமிடம் அப்படியும் இப்படியும் சாய்க்க வேண்டும். பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துகள் தெரிந்தால் 200 அல்லது அதற்கு மேல். அப்புறம் சீரத்தில் அதே அளவு சலைன் விட்டு மறுபடியும் பார்ப்போம். அதிலும் திரிந்தால் 400, இன்னும் ஒரு மடங்கு நீர்த்தும் திரிந்தால் 800. நடுவில் 270, 310 என்றெல்லாம் கிடையாது. அதாவது 200க்கும் 400க்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு படி, அதுவும் கண்ணால் பார்த்துச் சொல்வது. காலையில் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது இரண்டு நிமிடம் மூன்றானால், ஓரம் காய்ந்து, திரியாததும் திரிந்த மாதிரி தெரியும். பெரிய லேப்களில் மெஷின் 287 என்று கணக்காகத் தரும். அதனால் ரிப்போர்ட்டில் எந்த முறை என்று போட்டிருக்கிறது பாருங்கள், ஒரு லேப் எண்ணை இன்னொரு லேப் எண்ணோடு ஒப்பிட்டு ‘ஏறிவிட்டது’ என்று பயப்படாதீர்கள்.

சரி, அது எதைத்தான் அளக்கிறது? தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்று ஒரு நஞ்சை விடும். அதை முறியடிக்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத்தான் (ஆன்டி-ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, சுருக்கமாக ஏ.எஸ்.ஓ.) அளக்கிறோம், கிருமியை அல்ல. 1932இல் டாட் என்பவர் கொண்டுவந்த சோதனை, இன்றைக்கும் சிலர் டாட் யூனிட் என்றுதான் சொல்வார்கள். தொண்டை வலி வந்து ஒரு வாரம் கழித்து ஏறத் தொடங்கும், மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் உச்சம், இறங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். வியாசர்பாடி வீடுகளில் வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் ஒரு கோடு நிற்குமே, அது மாதிரி. தண்ணீர் வந்தது என்று கோடு சொல்லும், இப்போது வீட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லாது. ஸ்கூல் வேனில் பத்துப் பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு அந்தக் கோடு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 200 என்ற எல்லை பெரியவர்களுக்குப் பொருந்தும்; 5 முதல் 15 வயதுக்குள் எந்த நோயும் இல்லாத பிள்ளைகளிடமே 300 பக்கம் வருவது சகஜம்.

இனி பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். எல்லோருக்கும் பயம் ருமாட்டிக் காய்ச்சல்தான், இந்தத் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வந்து மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் நோய்; அந்தப் பயம் நியாயமானதும்கூட. நம் ஊரில் அது இன்னும் ஒழியவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க 1944இல் ஜோன்ஸ் என்ற மருத்துவர் வகுத்த, 2015இல் கடைசியாகத் திருத்திய விதிகள் இருக்கின்றன. அவற்றில் முதலிடம் உடம்பில் தெரியும் அடையாளங்களுக்கு: இதயத்தில் பாதிப்பு, மூட்டு வீக்கம், கை கால் தன்னிச்சையாகத் துள்ளுவது, தோலில் வளையம் வளையமாகச் சிவப்பு, தோலுக்கடியில் சின்னக் கட்டிகள். ஏ.எஸ்.ஓ. அங்கே துணைச் சாட்சி மட்டுமே. சாட்சி மட்டும் இருந்து குற்றமே நடக்கவில்லை என்றால் கேஸ் ஏது?

மூட்டு வலியையும் கால் வலியையும் பிரித்துப் பாருங்கள். ருமாட்டிக் காய்ச்சலில் முட்டி, கணுக்கால், முழங்கை மாதிரி பெரிய மூட்டுகள் வீங்கிச் சூடாக இருக்கும், தொட விடமாட்டார்கள், காய்ச்சலும் இருக்கும். இன்று முட்டி, இரண்டு நாளில் அது சரியாகிக் கணுக்கால் என்று இடம் மாறும். ராத்திரி எட்டு மணிக்குமேல் இரண்டு கெண்டைக்காலும் வலிக்கிறது என்று அழுது, அம்மா பிடித்துவிட்டதும் தூங்கி, காலையில் எதுவும் நடக்காத மாதிரி ஓடுகிற பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் வளரும் வயதுக் கால் வலி.

என் அக்கா மகன் கதை இதுதான். ஏழு வயது, ராத்திரி மட்டும் வலி. ஸ்லைடை ஆட்டி 400 என்று எழுதியதே நான். அதை வைத்து ஒரு கிளினிக்கில் 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி ஆரம்பித்தார்கள், ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த ஊசி எவ்வளவு வலிக்கும் என்று போட்டுக்கொண்டவர்களைக் கேளுங்கள், இரண்டு நாள் நொண்டுவான். கடைசியில் எழும்பூரில் வேறொரு குழந்தைகள் மருத்துவர், “மூட்டு எப்பவாவது வீங்குச்சாம்மா?” என்று கேட்ட ஒரே கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள், ஒன்றுமில்லை, ஊசியை நிறுத்தினார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. நிஜமாகவே ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அந்த ஊசிதான் வால்வைக் காப்பாற்றுகிறது; இதயம் தப்பித்த பிள்ளைக்கே குறைந்தது ஐந்து வருஷம் போட வேண்டும். “எந்த அறிகுறியை வைத்து இதை முடிவு செய்தீர்கள், எக்கோ பார்த்தாயிற்றா?” என்று மட்டும் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு குழந்தைகள் நல மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ போங்கள்.

எண் இறங்கியதா என்று மாதாமாதம் ரத்தம் கொடுப்பது வீண் செலவு. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே உருவான எதிர்ப்புப் பொருளை அழிக்காது. இந்த எண்ணுக்காக மட்டும் டான்சிலை எடுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தொண்டை வலி இன்றைக்கு இருக்கிறது என்றால் பார்க்க வேண்டியது தொண்டைச் சளி, ரத்தம் அல்ல. ஐம்பது வயது அத்தைக்கு முட்டி தேய்ந்ததற்கு ‘ஆர்த்ரைடிஸ் பேக்கேஜ்’ என்று யூரிக் ஆசிடோடு இதையும் சேர்த்து விற்பதைப் பற்றி நான் என்ன சொல்ல, அந்த பில்லையும் நான்தான் போட்டிருக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏ.எஸ்.ஓ. ஏறியே இருக்காது. கை கால் துள்ளும் வகை, தொண்டை வலி வந்து மாதங்கள் கழித்து வரும், அதற்குள் எண் இறங்கியிருக்கும். சிரங்குப் புண்ணிலிருந்து வந்த தொற்றிலும் இது சரியாக ஏறாது. அதனால் ‘நார்மல்’ என்று வந்ததை நம்பி மூட்டு வீக்கத்தையோ, மூச்சிரைப்பையோ, முகம் வீங்கிச் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவதையோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் கொண்டுபோங்கள்: கடைசியாகத் தொண்டை வலி எப்போது, காய்ச்சல் எத்தனை டிகிரி, எந்த மூட்டு எந்தத் தேதியில். வீங்கியிருந்தால் அப்போதே இரண்டு முட்டியும் தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ. டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே போவதற்குள் வீக்கம் இறங்கியிருக்கும்.