அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றக் குற்ற வழக்குப் பதிவுகள்: தேடும்போதும் கேட்டுப் பெறும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நேரத்திலோ, புதிய வேலைக்கான பின்னணிச் சோதனையில் ஏதோ ஒன்று தவறாக வந்து நிற்கும் நேரத்திலோதான், அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் பலர் முதன்முறையாகக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தின் குற்ற வழக்குப் பதிவுகளைத் தேடத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது பெரிய குற்றமாக இருப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் நேர்ந்த சிக்கல், மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதாக ஒரு வழக்கு, வீட்டுச் சண்டையில் யாரோ போலீசை அழைத்ததால் பதிவான ஒரு கைது என்ற அளவில்தான் இருக்கும். வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் எப்படி முடிந்தது என்று காட்டும் காகிதம் கையில் இல்லை. அதைத் தேடும் வழியில் செய்யப்படும் தவறுகளில் மிகவும் கேடு விளைவிப்பது, இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்த்து, எதுவும் வராவிட்டால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதுதான். தேடியவர் தவறான நீதிமன்றத்தில் தேடியிருக்கலாம், தவறான எழுத்துக்கூட்டலில் தேடியிருக்கலாம், அல்லது அந்தத் தளமே அவ்வகை வழக்கைக் காட்டாததாக இருக்கலாம்.

எந்த நீதிமன்றம் என்று தெரியாமல் தேடுவது

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் குற்ற வழக்குகளின் கோப்புகள் பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டியில் உள்ள நீதிமன்றக் கிளார்க் அலுவலகத்திலேயே இருக்கின்றன. பொதுமக்கள் ஓரிடத்தில் பெயரைக் கொடுத்து நாடு முழுவதையும் தேடிவிடக்கூடிய அரசுப் பதிவேடு எதுவும் கிடையாது. எனவே முதலில் அறிய வேண்டியது சம்பவம் எந்தக் கவுண்டியில் நடந்தது என்பதைத்தான். குடியிருந்த கவுண்டியில் தேடுவது வழக்கமான பிழை. வழக்கு நடப்பது சம்பவம் நடந்த இடத்தைப் பொறுத்தது. ஊர்ப் பெயரை மட்டும் நம்புவதும் போதாது. டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் ஆகிய இரு கவுண்டிகளிலும் பரவியிருக்கிறது. இல்லினாயின் நேப்பர்வில் டூபேஜ், வில் ஆகிய இரண்டிலும் இருக்கிறது. பால்டிமோர் நகரம் பால்டிமோர் கவுண்டிக்குள் இல்லை. செயின்ட் லூயிஸ் நகரமும் செயின்ட் லூயிஸ் கவுண்டிக்குள் இல்லை. தெருவின் பெயரும், கைது செய்தது எந்தக் காவல்துறை என்பதும் தெரிந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

கவுண்டி சரியாக இருந்தாலும், அதற்குள் எந்த நீதிமன்றம் என்ற கேள்வி மிஞ்சும். டெக்சாஸில் ஃபெலனி எனப்படும் கடுங்குற்ற வழக்குகளின் கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும், ஏ, பி வகுப்பு மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்களின் கோப்பு கவுண்டி கிளார்க்கிடமும் இருப்பதே பொதுவான முறை. அபராதத்தோடு முடியும் சி வகுப்புக் குற்றங்களோ நகராட்சி நீதிமன்றத்திலோ ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றத்திலோ கிடக்கும். ஆனால் ஹூஸ்டன் அமைந்துள்ள ஹாரிஸ் கவுண்டியில் அந்த மிஸ்டிமீனர் கோப்புகளையும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கே வைத்திருக்கிறார். டாலஸ் பக்கம் பெற்ற அனுபவத்தை ஹூஸ்டனில் பொருத்திப் பார்ப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

நம்மவர்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சியின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே குடிபோதையில் வண்டி ஓட்டுவது சட்டப்படி போக்குவரத்து மீறலாகக் கருதப்பட்டு நகராட்சி நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகிறது. 200 டாலருக்குக் குறைவான பொருளைக் கடையில் திருடியதான குற்றச்சாட்டும் பொதுவாக நகராட்சி நீதிமன்றத்துக்கே போகிறது. ஆகவே, எடிசனில் நடந்த அத்தகைய வழக்கொன்றை மிடில்செக்ஸ் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் குற்றவியல் பதிவில் எத்தனை முறை தேடினாலும் வராது. தேடியவர் நிம்மதியோடு விண்ணப்பத்தில் "இல்லை" என்று குறித்துவிடுவார். குடிவரவு அதிகாரியோ கைரேகை வழியாக அந்தக் கைதை அறிந்துகொண்டு நேர்காணலில் கேட்பார். வழக்கை விடவும், அதை மறைத்ததாக எழும் சந்தேகமே அப்போது பெரிய தொல்லையாகிவிடும்.

கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்குகள் கவுண்டிப் பதிவில் இருக்கவே இருக்காது. அவற்றை பேசர் என்ற தளத்தில் தேட வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர் என்பது அங்கே கட்டணம். ஒரு காலாண்டில் மொத்தம் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் அதுவும் வசூலிக்கப்படுவதில்லை.

பெயரில் நேரும் தவறுகள்

தமிழ்ப் பெயர்களுக்கு இது தனிச் சிக்கல். குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத நாம், தகப்பனார் பெயரைக் கடைசிப் பெயராகவும், சில நேரம் முதல் எழுத்தாகவும், சில நேரம் இரண்டு இடங்களிலும் எழுதி வந்திருக்கிறோம். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதுவே கடைசிப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" என்ற, முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்று எழுத்துகள் அச்சாகும். கைது செய்யும் அதிகாரி ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ததே நீதிமன்றம் வரை போகிறது. செந்தில்குமார் முருகேசன் என்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் அவர் "முருகேசன், செந்தில்குமார்" என்று இருக்கலாம். இடையில் இடம் விட்டு "முருகேசன், செந்தில் குமார்" என்றும், "குமார், செந்தில் எம்" என்றும், "செந்தில்குமார், எஃப்என்யு" என்றும் இருக்கலாம். முதற்பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருப்பதும், நீண்ட பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருப்பதும், ஒரே ஒலிக்கு இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் இருப்பதும் சாதாரணம். ஆகவே இவை அனைத்தையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதே முறை. பெயரின் முதல் சில எழுத்துகளுக்குப் பின் நட்சத்திரக் குறியிட்டுத் தேட அனுமதிக்கும் தளங்களில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நியூயார்க்கில் இது பணச் செலவோடு சேர்ந்த பிழையாகிறது. மாநில நீதிமன்ற நிர்வாகம் நடத்தும் குற்றப் பதிவுத் தேடலுக்கு 95 டாலர் கட்டணம். கொடுத்த பெயரும் பிறந்த தேதியும் அப்படியே பொருந்தினால் மட்டுமே முடிவு வரும். இன்னோர் எழுத்துக்கூட்டலில் தேட வேண்டுமானால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் வெப்கிரிம்ஸ் தளத்தில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எண்ணுவோரும் உண்டு. அந்தத் தளம் இனிமேல் விசாரணைத் தேதி குறிக்கப்பட்டுள்ள வழக்குகளை மட்டுமே காட்டுகிறது. முடிந்துபோன வழக்கு அங்கே வராது.

இதற்கு எதிர்த்திசைப் பிழையும் ஒன்று உண்டு. பெயர் பொருந்திவிட்டதாலேயே ஆளும் அவர்தான் என்று முடிவு செய்வது. குமார், கிருஷ்ணன் போன்ற பெயர்களில் ஒரு பெரிய கவுண்டியில் பல பேர் இருப்பார்கள். கலிபோர்னியாவில் பொதுமக்கள் பயன்படுத்தும் மின்னணுப் பதிவேட்டில் பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ கொண்டு தேடும் வசதி கூடாது என்று, ரிவர்சைடு கவுண்டி நீதிமன்றம் தொடர்பான வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. பழைய வழக்குகளால் மனிதர்கள் வாழ்நாள் முழுதும் துரத்தப்படக் கூடாது என்ற கவலை அந்த வழக்கின் பின்னணியில் இருந்தது. அது நியாயமான கவலை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதன் விளைவாக, பெயரை மட்டும் வைத்து ஒருவரை அடையாளம் காண்பது இன்னும் ஆபத்தாகிவிட்டது. வீட்டை வாடகைக்கு விடுபவரோ சம்பந்தம் பேசுபவரோ திரையில் கண்ட ஒரு வரியை நம்பி ஒருவரைக் குற்றவாளி என்று எண்ணிவிடுவது பெரும் அநீதி.

ஆவணத்தைப் பிழையாகக் கேட்பதும் பிழையாகப் படிப்பதும்

காவல்துறையின் கைதுப் பதிவு, சிறையின் சேர்க்கைப் பதிவு, எஃப்பிஐ வைத்திருக்கும் கைரேகை அடிப்படையிலான வரலாறு, நீதிமன்றக் கோப்பு ஆகிய நான்கும் தனித்தனி ஆவணங்கள். எஃப்பிஐயிடம் 18 டாலர் செலுத்தி நம்முடைய சொந்த வரலாற்றைப் பெறலாம். எங்கெங்கு வழக்கு இருந்தது என்று மறந்துபோனவர்களுக்குத் தொடக்கப் புள்ளியாக அது மிகவும் பயன்படும். ஆனால் அதில் கைது மட்டும் இருந்து முடிவு இல்லாமல் போவது அடிக்கடி நிகழ்கிறது. முடிவைச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. அதற்காக நாம் கேட்க வேண்டியது கிளார்க்கின் முத்திரையும் கையொப்பமும் உள்ள, சான்றிட்ட டிஸ்போசிஷன் நகல், அதாவது வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் ஆவணத்தின் நகல். தளத்திலிருந்து அச்சிட்டு எடுத்த பக்கத்தைக் குடிவரவுத் துறைக்கு அனுப்பிவிட்டு, பின்பு கூடுதல் ஆதாரம் கேட்டு வரும் கடிதத்தால் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர்.

பதிவைப் படிக்கும்போது, முதலில் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டையே இறுதித் தீர்ப்பாக எண்ணிவிடக் கூடாது. ஒரே வழக்கில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்து, ஒன்று தள்ளுபடியாகி, ஒன்று சிறியதாக மாற்றப்பட்டு, ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கலாம். பென்சில்வேனியாவில் கீழ் நீதிமன்றத்தில் ஓர் எண்ணோடு தொடங்கும் கடுமையான வழக்கு, மேலே காமன் பிளீஸ் நீதிமன்றத்துக்குப் போகும்போது வேறு எண் பெறுகிறது. முதல் எண்ணோடு நின்றுவிட்டால் முடிவே தெரியாது.

தள்ளுபடி என்ற ஒரு வார்த்தையில் நிம்மதி அடைவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், தீர்ப்பு எழுதப்படாமல் ஒத்திவைக்கப்பட்டிருந்தாலும் கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனைத் தீர்ப்பாகவே கொள்கிறது. டெக்சாஸின் டிஃபர்டு அட்ஜுடிகேஷன் எனப்படும் தீர்ப்பை ஒத்திவைக்கும் முறை இதற்குத் தக்க உதாரணம்: உரிய காலம் முடிந்ததும் மாநிலப் பதிவில் வழக்குத் தள்ளுபடி என்று வரும், குடிவரவு அதிகாரியின் பார்வையில் அது தண்டனையாகவே இருக்கும். கலிபோர்னியாவில் நன்னடத்தைக் காலம் முடிந்தபின் நீக்கப்படும் வழக்குகளையும் என்-400 எனப்படும் குடியுரிமை விண்ணப்பத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே, டிஸ்போசிஷன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்த பிறகே விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். கைது இல்லாமல், மதுவோ போதைப்பொருளோ தொடர்பில்லாமல், 500 டாலருக்குக் குறைவான அபராதத்தோடு முடிந்த சாதாரணப் போக்குவரத்துச் சீட்டுகளுக்கு ஆவணம் அனுப்பத் தேவையில்லை என்பது ஆறுதலான விதிவிலக்கு.

பதிவை அழிக்கவோ முத்திரையிட்டு மூடவோ மனுப் போடுபவர்கள், அந்த உத்தரவு வருவதற்கு முன்பே இரண்டு மூன்று சான்றிட்ட நகல்களை வாங்கிப் பத்திரப்படுத்தாமல் விடுவது திருத்த முடியாத தவறாகிவிடக்கூடும். அழிந்த பின்பும் குடிவரவுத் துறை அதைக் கேட்கும். கொடுக்க நீதிமன்றத்திடம் ஒன்றும் இருக்காது. காலம் கடந்தாலும் கோப்புகள் அழிகின்றன. கலிபோர்னியாவில் பொதுவான மிஸ்டிமீனர் கோப்புகளை 5 ஆண்டுகளும், குடிபோதை ஓட்டுதல் வழக்குகளை 10 ஆண்டுகளும் வைத்திருந்தால் போதும் என்பது சட்டம். கோப்பு இல்லை என்று கிளார்க் சொன்னால் வெறுங்கையோடு திரும்பிவிடாமல், பதிவு இல்லை அல்லது அழிக்கப்பட்டது என்று முத்திரையிட்ட கடிதமாக அதையே கேட்டு வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தை அனுப்பும்போது

இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடு பழகியவர்கள், இங்குள்ள அதையொத்த சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு நீதிமன்றத்துக்கு எழுதுகிறார்கள். கூட்டாட்சித் தகவல் சுதந்திரச் சட்டம் நிர்வாகத் துறைகளுக்கு மட்டுமே பொருந்தும். டெக்சாஸ், கலிபோர்னியா மாநிலங்களின் பொதுப் பதிவுச் சட்டங்களும் நீதிமன்ற வழக்குக் கோப்புகளைக் கட்டுப்படுத்துவதில்லை. நீதிமன்றப் பதிவைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் மக்களுக்குள்ள பொதுவான உரிமையை உச்ச நீதிமன்றம் 1978-இலேயே ஏற்றிருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவதற்கான வழி கிளார்க் அலுவலகத்தின் சொந்தப் படிவமே.

கலிபோர்னியாவில் குற்ற வழக்கு ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்து இணையத்தில் திறந்து படிக்க விதிகள் இடம் தருவதில்லை. நீதிமன்றக் கணினியில் பார்க்க வேண்டும், அல்லது நகல் கேட்டு எழுத வேண்டும். அங்கே நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட், சான்றிடுவதற்கு 40 டாலர், பத்து நிமிடத்துக்கு மேல் தேட நேர்ந்தால் 15 டாலர். வழக்கு எண்ணைக் கொடுத்துவிட்டால் அந்தத் தேடல் கட்டணம் பெரும்பாலும் மிச்சமாகும். எத்தனை பக்கம் இருக்கும் என்று தெரியாமல் தபாலில் அனுப்புவோர், தொகையை ஊகித்து எழுதிக் காசோலை திரும்பி வந்து வாரங்களை இழக்கிறார்கள். அங்குள்ள பல நீதிமன்றங்கள், தொகைக்கான இடத்தைக் காலியாக விட்டு, குறிப்பு வரியில் இன்ன தொகைக்கு மேற்படாமல் என்று எழுதிய காசோலையை ஏற்கின்றன. உண்மையான தொகையைக் கிளார்க்கே நிரப்பிக்கொள்வார். நம் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் உடன் வைக்க வேண்டும். "என் வழக்கு விவரம் எல்லாம் வேண்டும்" என்று எழுதினால் தாமதமே மிஞ்சும். பதிவில் உள்ள பெயர், வழக்கு எண், பிறந்த தேதி, ஆண்டு, தேவைப்படும் ஆவணம், சான்றிட்ட நகலா சாதாரண நகலா என்பவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும்.

தனியார் பின்னணிச் சோதனை நிறுவனம் தந்த அறிக்கையில் பிழை இருந்தால், நீதிமன்றத்தோடு வாதிடுவதில் பயனில்லை. அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும்; கூட்டாட்சிச் சட்டப்படி அது பொதுவாக 30 நாளுக்குள் மறு ஆய்வு செய்தாக வேண்டும். தண்டனையில் முடியாத கைதுகளை, விதிவிலக்கான சில உயர் சம்பள வேலைகள் போன்றவை தவிர, 7 ஆண்டுகளுக்குப் பின் அந்நிறுவனங்கள் அறிக்கையில் சேர்க்கவும் கூடாது. மறுப்போடு இணைப்பதற்கும் அதே சான்றிட்ட நகல்தான் வேண்டும். அது கைக்கு வந்ததும் கவுன்டரிலேயே நின்று, பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, வழக்கு எண், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எதிரே முடிவு எழுதப்பட்டிருக்கிறதா, முத்திரை எல்லாப் பக்கங்களையும் உள்ளடக்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஏதாவது ஒன்றில் முடிவு காலியாக இருந்தால் அங்கேயே கேட்டுத் திருத்தி வாங்குவது எளிது.