ஜக்கூரில் த்ராட்டிலைத் தள்ளும் முன்

பெங்களூரு ஜக்கூரில் என்னிடம் பறக்கப் படிக்க வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எந்த நிலை வந்தால் கிளம்புவதை நிறுத்துவீர்கள் என்பதைத் தரையில் இருக்கும்போதே எண்ணாக எழுதி வையுங்கள். விமானம் ரன்வேயில் ஓடத் தொடங்கிய பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

வெயிலில் ஆரம்பிப்போம். வெயிலில் காற்று மெலியும், விமானத்துக்கு அது இன்னும் உயரத்தில் இருப்பது போல. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். அந்த உயரத்தில் இருக்க வேண்டியதாக விமானக் கணக்கு வைத்திருக்கும் வெப்பம் 9 டிகிரி. ஏப்ரல் மத்தியானம் 35 என்றால் 26 டிகிரி கூடுதல். கூடுதல் டிகிரிக்கு 120 அடி வீதம் 3,120 அடி; அதை அந்த 3,000 அடியோடு கூட்டுங்கள். ஆக, சக்கரம் ஜக்கூரில் நின்றாலும் இறக்கையும் என்ஜினும் ஆறாயிரம் அடிக் காற்றில்தான் வேலை செய்கின்றன. ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும். ஹேண்ட்புக் அட்டவணை புது விமானத்தை வைத்துப் போட்டது. அதில் வரும் தூரத்தோடு நான் பாதி கூட்டிக்கொள்வேன்.

அப்புறம், ரன்வேயின் பாதி எங்கே என்று ஒரு அடையாளம் பார்த்து வையுங்கள். 55 நாட் (knot) வேகத்தில் எழும்பும் செஸ்னா என்ற சிறு விமானம் என்றால், பாதியில் அதன் 70 சதவீதம், அதாவது 39 நாட் வேகமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லையா, என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடி பிரேக் போடுங்கள். இந்த வெயிலில் தரை விருட்டென்று பின்னால் ஓடும், வேகம் வந்துவிட்டது போலவே இருக்கும். வேகமானி சொல்லாமல் மூக்கைத் தூக்காதீர்கள்.

வானிலைக்குக் கெம்பேகவுடா விமான நிலையத்தின் வானிலை அறிக்கையான மெட்டாரைப் பாருங்கள். ஏப்ரல், மே சாயங்காலங்களில் அதில் இடிமேகத்தைக் குறிக்கும் ‘சிபி’ (CB) இருந்தால் கிளம்ப வேண்டாம். மழை தூரத்தில் தெரிந்தாலும் அதன் முன்னால் பாயும் காற்று முதலில் வந்துவிடும்.

மதுவுக்கும் பறப்பதற்கும் 12 மணி நேர இடைவெளி இந்தியச் சட்டம். சளி மாத்திரையையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தூக்கம் வரும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேண்டும். பல வீடுகளில் நகையை அடகு வைத்துத்தான் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். “இன்னைக்குப் பறந்தியா?” என்று அப்பா தினமும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து கிளம்பும் பிள்ளையைத்தான் நான் தடுக்க வேண்டியிருக்கிறது. படிப்பு தொடங்கும்போதே அவரிடம் பேசிவிடுங்கள்: “பறக்காத நாளும் இருக்கும்ப்பா. மத்தியானம் வெயில் அதிகம்னா காலையில ஸ்லாட் மாத்திக் கேட்பேன்.”